ஜீப்புக்கு வேறு எஞ்சின் ஏற்றும்போது மவுண்டிங் செய்வது எவ்வாறு?

கொழும்பில் பழைய ஜீப் வைத்திருப்பவர்களின் பேச்சு எங்கே தொடங்கினாலும், எஞ்சினை மாற்றுவதில்தான் பெரும்பாலும் வந்து நிற்கும். மிட்சுபிஷி ஜீப்பின் பழைய 2.7 லீற்றர் டீசல் எஞ்சினுக்கு உதிரிப்பாகம் தேடி அலைவதை விட, டொல்பின் வான்களில் வந்த ரொயோட்டா 2எல், 3எல், 5எல் வரிசை எஞ்சின்களில் (இவை எஞ்சின் குறியீடுகள், லீற்றர் அளவுகள் அல்ல) ஒன்றை உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் வாங்கி ஏற்றிவிடலாம் என்று பலர் கணக்குப் போடுகின்றனர். 2020இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 வரை தனியாருக்குத் திறக்கப்படாமல் இருந்த ஆண்டுகளில், கையில் உள்ள வண்டியையே ஓட்டத்தில் வைத்திருக்க வேண்டிய தேவை இந்த எண்ணத்தை மேலும் வளர்த்தது. எஞ்சினின் விலை, அதைக் கியர்பொக்ஸுடன் பொருத்தும் அடப்டர் தட்டு, வயரிங் ஆகியவற்றைப் பற்றி எல்லோரும் விசாரிக்கின்றனர். எஞ்சினைச் சேஸியில் தாங்கி நிற்கும் மவுண்டிங்கைப் பற்றி மட்டும் யாரும் அதிகம் கேட்பதில்லை. வெல்டிங் பாஸ் ஒருவர் அரை நாளில் முடித்துவிடும் வேலை அது என்ற எண்ணமே காரணம். உண்மையில் வெல்டிங் அந்த வேலையின் கடைசிப் பகுதி. எஞ்சின் எங்கே நிற்க வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்து, அதன் பின் எஞ்சினுக்கும் சேஸிக்கும் நடுவே எஞ்சியிருக்கும் வெற்றிடத்தை இரும்பாலும் இறப்பராலும் நிரப்புவதே மவுண்டிங் செய்வதாகும்.

ஒரு மவுண்டிங்கில் மூன்று உறுப்புகள் உள்ளன: எஞ்சின் புளொக்கில் பொல்ட் போட்டு இறுக்கப்படும் தாங்கி, சேஸியில் வெல்ட் செய்யப்படும் அல்லது பொல்ட் போடப்படும் தாங்கி, இரண்டுக்கும் இடையிலுள்ள இறப்பர். சேஸியுள்ள வாகனங்களில் பெரும்பாலும் எஞ்சினின் இரு பக்கங்களிலும் ஒவ்வொன்றும், கியர்பொக்ஸின் கீழே குறுக்குச் சட்டத்தில் ஒன்றுமாக மூன்று இடங்களில் இவ்வமைப்பு இருக்கும். மூன்று புள்ளிகள் எப்போதும் ஒரே தளத்தில் அமையும் என்பதால், கல்லும் பள்ளமுமான பாதையில் ஒரு முன்சக்கரம் மேலேறிச் சேஸி முறுகினாலும் அந்த முறுக்கு எஞ்சின் புளொக்குக்குப் பெரிதாகக் கடத்தப்படுவதில்லை. நான்கு மூலைகளிலும் இறுக்கிப் பிடித்த எஞ்சினோ சேஸியின் ஓர் உறுப்பாகவே மாறிவிடும். சேஸி முறுகும்போது வார்ப்பிரும்போ அலுமினியமோ எது பலவீனமானதோ அது வெடிக்கும். மீமுரே போன்ற கரடுமுரடான மலைப்பாதை கொண்ட இடங்களுக்குச் செல்லும் ஜீப்புக்கு இது வெறும் ஏட்டுக் கணக்கு அல்ல.

மவுண்டிங்கின் வேலை எஞ்சினின் எடையைத் தாங்குவது என்றே முதலில் தோன்றும். எடை சிறிய சுமைதான். பெரிய சுமை முறுக்கத்தினால், அதாவது எஞ்சினின் திருப்பும் வலுவினால் வருகிறது. எஞ்சின் 190 நியூட்டன் மீற்றர் முறுக்கம் தருவதாக வைத்துக்கொள்வோம். முதலாம் கியரின் விகிதம் 4, முன், பின் அக்சில்களுக்கு இயக்கத்தைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸின் லோ ரேஞ்ச் (மெதுவான, வலுவான கியர்) விகிதம் 2.5 எனில், அக்சில்களுக்கு இயக்கத்தைக் கொண்டு செல்லும் புரொப்பெல்லர் ஷாஃப்டுகளுக்குச் செல்லும் மொத்த முறுக்கம் 190 × 4 × 2.5, அதாவது 1900 நியூட்டன் மீற்றர். ஷாஃப்டை ஒரு திசையில் திருப்பும் எஞ்சினும் கியர்பொக்ஸும் அதே அளவு முறுக்கத்தால் எதிர்த்திசையில் திரும்ப முனைகின்றன. அந்த முனைப்பைத் தடுப்பவை மவுண்டிங்குகளே. இரு பக்க மவுண்டிங்குகளுக்கும் இடையே அரை மீற்றர் தூரம் இருந்து, பின்பக்க மவுண்டிங் தாங்கும் சிறு பங்கைக் கணக்கில் விட்டால், ஒரு பக்கத்தில் 3800 நியூட்டன் மேல்நோக்கியும் மறுபக்கத்தில் அதே அளவு கீழ்நோக்கியும் வரும். இது ஏறத்தாழ 390 கிலோகிராம் எடைக்குச் சமம். ஒவ்வொரு மவுண்டிங்கின் மேலும் எஞ்சினின் எடை நூறு கிலோகிராம் அளவில் அமர்ந்திருக்கும்போது 390 கிலோகிராம் அதைத் தூக்குகிறது என்றால், அந்த மவுண்டிங் அமுக்கப்படவில்லை, பிய்த்து இழுக்கப்படுகிறது என்றே பொருள். சறுக்கிய சக்கரம் திடீரெனப் பிடிமானம் பெறும் கணத்தில் இந்தச் சுமை இன்னும் உயரும்.

இந்தக் கணக்கில் ஒரு விலக்கு உண்டு. சுசுகி எஸ்ஜே410 போன்ற வண்டிகளில் டிரான்ஸ்ஃபர் கேஸ் கியர்பொக்ஸுடன் ஒட்டாமல், தனி மவுண்டிங்குகளில் தனியே தொங்குகிறது. அங்கே லோ ரேஞ்சினால் பெருகும் முறுக்கத்தை அந்தத் தனி மவுண்டிங்குகள் ஏற்றுக்கொள்கின்றன. எஞ்சின் மவுண்டிங் கியர்பொக்ஸ் வரையிலான முறுக்கத்தை மட்டும் தாங்கினால் போதும்.

எந்தப் பக்கம் தூக்கும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடலாம். பெரும்பாலான எஞ்சின்களின் கிராங்க், அதாவது சுழலும் முதன்மைத் தண்டு, முன்னால் நின்று பார்ப்பவருக்கு வலஞ்சுழியாகச் சுழல்கிறது. ஆகவே முன்னோக்கிச் செல்லும்போது எஞ்சின் இடஞ்சுழியாகச் சாய முனைந்து, வாகனத்தின் இடப்பக்க மவுண்டிங்கைத் தூக்குகிறது. ரிவர்ஸில் ஏறும்போது வலப்பக்கம் தூக்கும். இறப்பர் கிழிந்தால் எஞ்சின் எழும்பி ஃபேன் ரேடியேட்டரில் உரசலாம். அக்சிலரேட்டர் கேபிளை இழுத்துத் திறந்தும் விடலாம். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1965 முதல் 1969 வரையான செவ்ரலே வாகனங்கள் உட்பட ஏறக்குறைய 67 இலட்சம் வாகனங்களை 1971இன் இறுதியில் திரும்ப அழைத்தது இக்காரணத்துக்காகத்தான். அப்போது அவற்றில் பொருத்தப்பட்டது எஞ்சின் எழும்பாமல் பிடிக்கும் ஒரு கம்பிவடம். அதிலிருந்து வரும் விதி எளியது: இறப்பர் முழுவதும் அழிந்துபோனாலும் இரும்பு இரும்பைப் பிடித்துக்கொள்ளும் வகையில் மவுண்டிங் அமைய வேண்டும்.

இதற்கு ஏற்ற எளிய வடிவம் புஷ் வடிவம். எஞ்சின் தாங்கியின் நுனியில் குறுகிய குழாய்த் துண்டு ஒன்றை வெல்ட் செய்து, அதற்குள் இறப்பர் புஷ்ஷை அழுத்தி ஏற்றி, சேஸித் தாங்கியின் இரண்டு காதுகளுக்கு நடுவே நீண்ட பொல்ட் ஒன்றைச் செலுத்துவார்கள். இறப்பர் போனாலும் குழாய்க்குள் பொல்ட் இருப்பதால் எஞ்சின் எங்கும் போகாது. இருபுறமும் திருகுத்தண்டு நீட்டிய உருளை இறப்பர்கள் மலிவானவை, எளிதில் கிடைப்பவை. ஆனால் அவற்றில் இரும்பையும் இறப்பரையும் சேர்த்து வைத்திருப்பது ஒட்டு மட்டுமே. அவற்றைப் பயன்படுத்துவதாயின், மேலெழுவதைத் தடுக்கும் கொக்கியையோ வளையத்தையோ தனியே சேர்க்க வேண்டும். புதிதாகச் செய்பவர் புஷ் வடிவத்தையே தெரிவு செய்வது நல்லது என்பது என் கருத்து.

இறப்பர் எவ்வளவு மென்மையாக இருக்க வேண்டும்? நான்கு சிலிண்டர், நான்கு அடிப்பு எஞ்சினில் கிராங்கின் ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு தடவை எரிபொருள் எரிகிறது. ஐட்லிங்கில் நிமிடத்துக்கு 750 சுற்று எனில், நொடிக்கு 12.5 சுற்று, எனவே அதிர்வின் மீடிறன் 25 ஹேட்ஸ். இறப்பரின் மேல் அமர்ந்த எஞ்சினுக்கும் தனக்கென ஓர் இயற்கை மீடிறன் உண்டு. அதிர்வின் மீடிறன் இந்த இயற்கை மீடிறனை விட ஏறத்தாழ 1.4 மடங்குக்கு மேல் இருந்தால்தான் இறப்பர் அதிர்வைத் தடுக்கத் தொடங்கும். இரண்டும் நெருங்கினால் அதிர்வு குறைவதற்குப் பதிலாகப் பெருகும். 25 ஹேட்ஸுக்கு அந்த எல்லை 18 ஹேட்ஸுக்குச் சற்றுக் கீழே விழுகிறது. எஞ்சினை இறக்கி வைத்ததும் இறப்பர் எத்தனை மில்லிமீற்றர் அமுங்குகிறது என்பதிலிருந்தே இயற்கை மீடிறனை ஓரளவு கணிக்கலாம்: 15.8ஐ அந்த மில்லிமீற்றர் அளவின் வர்க்கமூலத்தால் வகுத்தால் ஹேட்ஸ் கிடைக்கும். 3 மில்லிமீற்றர் அமுங்கினால் ஏறத்தாழ 9 ஹேட்ஸ். 1 மில்லிமீற்றர் மட்டும் அமுங்கினால் 16 ஹேட்ஸ் அளவு. அசையும்போது இறப்பர் மேலும் விறைப்பாக நடந்துகொள்வதால் உண்மையான எண் இதைவிடச் சற்று உயரும். இறப்பரை விட விறைப்பான பொலியூரதேன் புஷ் போட்ட வண்டியின் டாஷ்போர்டு சிக்னலில் நிற்கும்போது நடுங்குவதற்கு இதுவே காரணம். பந்தயத்துக்கு மட்டும் ஓடும் வண்டிக்கு அது பொருந்தலாம். வார நாட்களில் காலி வீதி நெரிசலில் நின்று, வார இறுதியில் காட்டுப் பாதைக்குச் செல்லும் வண்டிக்கு இறப்பரே போதும். மற்றொன்றையும் சொல்ல வேண்டும்: எஞ்சின் பக்கம் விறைப்பாகவும் கியர்பொக்ஸ் பக்கம் மிக மென்மையாகவும் கலந்து போடுவதைத் தவிர்க்க வேண்டும். அப்படிச் செய்தால் விறைப்பான பக்கமே முழுச் சுமையையும் ஏற்கும். எஞ்சினுடன் கியர்பொக்ஸ் சேரும் பகுதியான பெல் ஹவுசிங்கின் அலுமினியக் காதுகள் உடைவதில் அது முடியலாம்.

ஆசியாவின் இறப்பர்ச் செய்கை 1876இல் கம்பஹா ஹெனரத்கொட பூங்காவில் நடப்பட்ட கன்றுகளுடன் இங்கேயே வேரூன்றியது என்பதாலோ என்னவோ, வேண்டிய அளவுக்கு இறப்பர் வார்த்துக் கொடுப்பவர்களைத் தேடுவதில் நம்மவர்க்கு ஆர்வம் அதிகம். இருந்தாலும், கடையில் எப்போதும் கிடைக்கும் ஒரு வாகனத்தின் மவுண்டிங் இறப்பரையோ புஷ்ஷையோ தெரிவு செய்து, அதைச் சுற்றித் தாங்கியை அமைப்பதே புத்திசாலித்தனம். ஐந்து ஆண்டுகள் கழித்து இறப்பர் தேய்ந்தால் அதே பாகத்தைக் கேட்டு வாங்கலாம். இயற்கை இறப்பருக்கு ஒயிலும் டீசலும் பகை. பட்டால் ஊதி, மென்மையாகி, பிய்ந்துவிடும். ஒயில் ஃபில்டருக்கு நேர் கீழேயோ எக்ஸ்ஹோஸ்ட் மனிஃபோல்டுக்கு அருகிலோ அதை வைக்க வேண்டி வந்தால், மேலே தகட்டாலான சிறு கூரை ஒன்று அமைக்க வேண்டும்.

இனி எஞ்சினை எங்கே நிறுத்துவது என்ற கேள்விக்கு வருவோம். வேலையின் பெரும்பகுதி இதுதான். இங்கே அவசரப்படுபவருக்குப் பின்னர் எந்த வெல்டிங்கும் கைகொடுக்காது. வண்டி சமதரையில், தன் சக்கரங்களின் மேலேயே நிற்க வேண்டும். சேஸியை ஸ்டாண்டில் ஏற்றி, அக்சிலைத் தொங்கவிட்டு எடுக்கும் எந்த அளவும் உண்மையான அளவு அல்ல. கிளட்ச் முதல் கியர்பொக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் வரை அனைத்தையும் எஞ்சினுடன் பூட்டி, ஒரே தொகுதியாகச் செயின் புளொக்கில் தொங்கவிட்டு உள்ளே இறக்க வேண்டும். கியர்பொக்ஸின் பின்பக்க மவுண்டிங்கை முதலில் தற்காலிகமாகப் பொருத்திக்கொண்டால், மீதியெல்லாம் அந்த ஒரு புள்ளியைச் சுற்றி அசைத்துப் பார்ப்பதே. ஒயில் சம்புக்கு (எஞ்சினின் அடியிலுள்ள ஒயில் தொட்டி) கீழே மரக்கட்டை வைத்து ஜெக்கால் தாங்கி, மில்லிமீற்றர் கணக்கில் ஏற்றி இறக்கலாம்.

முதல் தடை பெரும்பாலும் சம்ப். ஒரே 3எல் எஞ்சின் வானிலும் ஹைலக்ஸிலும் வந்தாலும், வானின் சம்பும் பக்கத் தாங்கிகளும் ஹைலக்ஸின் நான்கு சக்கர இயக்க வண்டியில் உள்ளவை போல் இருப்பதில்லை. முன் அக்சில் முழுவதும் மேலே வந்து, அதன் மேலசைவை நிறுத்தும் பம்ப் ஸ்டொப்பில் முட்டும் நிலையில் டிஃபரன்ஷலின் உருண்டைப் பகுதிக்கும் சம்புக்கும் இடையே குறைந்தது 25 மில்லிமீற்றராவது இருக்க வேண்டும். இதை ஊகத்தில் விடாமல், ஸ்பிரிங்கைக் கழற்றி அக்சிலை ஜெக்கால் மேலே தூக்கிப் பார்ப்பதே சரியான முறை. அதுவும் ஒரு பக்கம் மட்டும் மேலே, மறுபக்கம் கீழே இருக்கும் நிலையிலும் பார்க்க வேண்டும். இடம் போதாவிட்டால் எஞ்சினை உயர்த்துவதை விட, ஹைலக்ஸ் சம்பையும் அதற்குரிய ஒயில் உறிஞ்சும் குழாயையும் தேடி மாற்றுவது நல்லது. எஞ்சினை உயர்த்தினால் பொனட் மூடாது, புரொப்பெல்லர் ஷாஃப்டின் கோணமும் கெடும்.

முன்னே ஃபேனுக்கும் ரேடியேட்டருக்கும் இடையிலும் 25 மில்லிமீற்றர் தேவை. ஆற்றைக் கடக்கும் வண்டிகளுக்கு இது இன்னும் முக்கியம்: தண்ணீருக்குள் சுழலும் பிளாஸ்டிக் ஃபேனின் இதழ்கள் முன்னோக்கி வளைந்து ரேடியேட்டரைக் கிழித்துவிடக்கூடும். பின்னே பெல் ஹவுசிங்கின் மேல் பொல்ட்டுகளுக்கு ஸ்பேனர் நுழையும் அளவுக்கு ஃபயர்வோலில் இடம் வேண்டும். பக்கவாட்டில் ஸ்டார்ட்டர், ஒயில் ஃபில்டர், எக்ஸ்ஹோஸ்ட் குழாய், ஸ்டீரிங் தண்டு எல்லாவற்றையும் பொருத்திப் பார்த்த பிறகே இடத்தை முடிவு செய்ய வேண்டும். இவற்றில் ஒன்றைக் கழற்றி வைத்துவிட்டு அளவெடுத்தால், அது திரும்பி வரும் நாளில் அதற்கு இடமிருக்காது. எஞ்சின் சரியாக நடுக்கோட்டில் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பல தொழிற்சாலை வண்டிகளிலேயே அது சற்று ஒரு பக்கம் தள்ளியிருக்கும். சேஸியின் நீளப்போக்குக்கு இணையாக இருப்பதுதான் முக்கியம்.

கோணத்தை அளக்க டிஜிட்டல் கோணமானி ஒன்று போதும். எஞ்சினின் பின்பக்கம் முன்பக்கத்தை விடச் சில பாகை தாழ்ந்திருப்பது வழக்கம். 3 பாகை அளவு சாதாரணமாகக் காணப்படும். இரு முனைகளிலும் ஒற்றை யுனிவர்சல் ஜொயின்ட் உள்ள புரொப்பெல்லர் ஷாஃப்டில், டிரான்ஸ்ஃபர் கேஸின் வெளியீட்டு அச்சும் டிஃபரன்ஷலின் பினியன் அச்சும் (ஷாஃப்ட் வந்து சேரும் அச்சு) ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். அவ்வாறு இருந்தால் ஒரு ஜொயின்ட் உண்டாக்கும் வேக ஏற்றத்தாழ்வை மற்றொன்று ஈடு செய்யும். இல்லாவிட்டால் வேகம் கூடும்போது வண்டி அடியிலிருந்து அதிரும். ஷாஃப்ட் ஒரே நேர்கோட்டில் இருப்பதும் நன்றல்ல. ஜொயின்டின் ஊசி பேரிங்குகள் உருள்வதற்கு ஒரு பாகையளவு கோணமாவது தேவை.

இடம் உறுதியான பிறகுதான் தாங்கிகளின் மாதிரிக்காகக் காட்போட் வெட்ட வேண்டும். எஞ்சின் பக்கத் தாங்கிக்கு அடித்தட்டாக 8 முதல் 10 மில்லிமீற்றர் தடிப்பான மைல்ட் ஸ்டீல் தகடும், சேஸிப் பக்கத்துக்கு 5 அல்லது 6 மில்லிமீற்றர் தகடும் பெரும்பாலான நான்கு சிலிண்டர் எஞ்சின்களுக்குப் போதும். நீண்டு நிற்கும் தட்டையான தகட்டை விட, இரு பக்கமும் முக்கோண வலுத்தகடு சேர்த்த குட்டையான தாங்கி பல மடங்கு உறுதியானது. புளொக்கின் பக்கத்தில் நான்கு துளைகள் இருந்தால் நான்கையும் பயன்படுத்த வேண்டும்.

அந்தத் துளைகளில் போடும் பொல்ட்டில் ஒரு பொறி இருக்கிறது. ஜப்பானிய எஞ்சின்களில் 10 மில்லிமீற்றர் பொல்ட்டின் புரி இடைவெளி பெரும்பாலும் 1.25 மில்லிமீற்றர், சாதாரண ஹாட்வெயார் கடையில் கேட்காமலே எடுத்துத் தரும் 10 மில்லிமீற்றர் பொல்ட்டில் அது 1.5. கையால் இரண்டு சுற்றுப் போகும், பிறகு இறுகும். அங்கே ஸ்பேனர் போட்டால் வார்ப்பிரும்பின் புரி அழிந்துவிடும். ஆகவே பொல்ட் கடைசி வரை விரலாலேயே இறங்குகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். தலையில் வலுவைக் குறிக்கும் 8.8 அல்லது 10.9 என்ற எண் பொறித்தவற்றையே வாங்க வேண்டும். வார்ப்பிரும்பில் பொல்ட்டின் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு ஆழமாவது புரி பிடிக்க வேண்டும். அதே வேளை துளையின் அடியில் முட்டவும் கூடாது. புதிய தாங்கியின் தடிப்பு பழையதிலிருந்து வேறுபடுவதால், பழைய பொல்ட்டின் நீளம் பொருந்தும் என்று எண்ணிவிடக் கூடாது.

எல்லாத் துண்டுகளையும் அவற்றின் இடத்திலேயே வைத்துப் புள்ளி வெல்ட் மட்டும் அடித்து, எஞ்சினை மெல்ல இறக்கி, இறப்பர் அமுங்கிய பின் எல்லா இடைவெளிகளையும் மீண்டும் அளக்க வேண்டும். அதன் பிறகு தாங்கிகளைக் கழற்றி மேசையில் வைத்து முழு வெல்டிங்கை முடிக்கலாம். புஷ் குழாய் வெல்டிங்கின் சூட்டில் கோணி முட்டை வடிவாகிவிடும் என்பதால், குழாயை வெல்ட் செய்த பின் லேத்தில் உள்விட்டத்தைச் சரிசெய்து, கடைசியாகவே இறப்பரை ஏற்ற வேண்டும். சேஸியில் வெல்ட் செய்யும் முன் பற்றரியின் இணைப்பையும் ஒல்டர்னேட்டரின் வயர்களையும் கழற்றி, வெல்டிங்கின் எர்த் கிளாம்பை வெல்ட் செய்யும் இடத்துக்கு அருகிலேயே பிடிக்க வேண்டும்.

சேஸியில் தாங்கியை நேரடியாக ஒட்டுவதை விட, முதலில் பெரிய அடித்தகடு ஒன்றை வைத்து அதன் மேல் தாங்கியை நிறுத்துவது சுமையைப் பரப்பும். அந்த அடித்தகட்டின் முனைகளைச் சதுரமாக விடாமல் சரிவாகவோ வைர வடிவிலோ வெட்ட வேண்டும். சேஸிச் சட்டத்தின் குறுக்கே மேலிருந்து கீழாக நேர்கோட்டில் ஓடும் வெல்ட், அந்தக் கோட்டிலேயே இரும்பைப் பலவீனப்படுத்தி, நாளடைவில் அங்கேயே வெடிப்பை உண்டாக்கும். குறிப்பாக, வளைவுச் சுமை மிகுந்த சட்டத்தின் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் குறுக்கு வெல்ட் வேண்டாம். வெல்டிங்குக்குப் பதிலாகப் பெட்டிச் சட்டத்தின் ஊடாகப் பொல்ட் போடுவதாயின், உள்ளே இரும்புக் குழாய்த் துண்டு ஒன்றைக் குறுக்காக வைத்து அதற்குள் பொல்ட்டைச் செலுத்த வேண்டும். இல்லையேல் இறுக்க இறுக்கச் சட்டத்தின் சுவர்களே உள்நோக்கி நசுங்கும். சேஸி எண் பொறித்த இடம் எங்கே என்று முதலில் தேடிக் குறித்துக்கொண்டு, அங்கே கிரைண்டரையோ வெல்டிங்கையோ நெருங்கவிடாமல் இருப்பது சட்டப்படியும் அவசியம். வெல்டிங் முடிந்ததும் பிரைமரும் பெயின்டும். கடற்காற்று வீசும் ஊரில் இதை நாளைக்குத் தள்ளிப்போட முடியாது.

முதல் ஓட்டத்துக்கு முன் ஒவ்வொரு பொல்ட்டின் தலைக்கும் தாங்கிக்கும் குறுக்கே பெயின்டால் ஒரு கோடு இழுத்துவிட்டால், பொல்ட் அசைந்ததா என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிடும். பிறகு ஹேண்ட் பிரேக்கைப் பிடித்து, ஃபுட் பிரேக்கையும் அழுத்தி, வண்டிக்கு முன்னும் பின்னும் எவரும் இல்லாத நிலையில், முதலாம் கியரில் கிளட்சை மெல்ல விட்டு எஞ்சின் எவ்வளவு சாய்கிறது என்று உதவியாளர் ஒருவர் பக்கவாட்டிலிருந்து பார்க்க வேண்டும், ரிவர்ஸிலும் அவ்வாறே. ஒரு காட்டுப் பயணம் சென்று வந்த பின், கோடுகளைப் பார்த்து, வெல்டுகளின் ஓரங்களைக் கழுவித் துடைத்து, மயிரிழை வெடிப்பு உண்டா என்று டோர்ச் வெளிச்சத்தில் தேட வேண்டும். பெயின்டின் மேல் மெல்லிய துருக்கோடு ஒன்று தெரிந்தால், அதன் கீழே வெடிப்பு இருக்கிறது என்றே கொள்ள வேண்டும்.

எஞ்சின் மாறினால் எஞ்சின் எண்ணும் மாறும். மாற்றத்தை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்துப் பதிவுச் சான்றிதழில் திருத்திக்கொள்ள வேண்டும். எஞ்சின் வாங்கிய கடையின் பற்றுச்சீட்டையும், இறக்குமதி ஆவணத்தின் பிரதி கிடைத்தால் அதையும் வாங்கும்போதே கேட்டு எடுத்து வைப்பது, பின்னர் திணைக்களத்தின் நாரஹேன்பிட்ட அலுவலகத்துக்கு அலைவதைக் குறைக்கும். புளொக்கில் எஞ்சின் எண் பொறித்த தட்டையான இடத்தைப் புதிய தாங்கி மறைத்துவிடுகிறதா என்று காட்போட் வெட்டும்போதே பார்த்துக்கொண்டால், பரிசோதகருக்காக மவுண்டிங்கைக் கழற்ற வேண்டி வராது.